அஞ்சியதைக் கையில் எடுங்கள்!



அச்சம் என்பது மனிதனோடு பிறந்தது. அஞ்சாத மனிதன் என்று ஒருவனும் இல்லை. இறைத்தூதர்களின் வரலாற்றைப் படிப்பவர்களுக்கு இது நன்கு தெரியும். மூஸா (அலை) அவர்களின் கையிலிருந்த தடி பாம்பாக நெளிந்தபோது, அவர்கள் திரும்பிப் பாராமல் ஓடினார்கள் என்று திருக்குர்ஆன் கூறுகிறது. அந்த ஓட்டத்தை இறைவன் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் எந்தப் பொருளைக் கண்டு அவர்கள் ஓடினார்களோ, அதே பொருளைத் திரும்பி வந்து தம் கையாலேயே பிடிக்கும்படி கட்டளை பிறந்தது. பிடித்தார்கள், அது பழையபடி தடியாயிற்று.

இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒரு நுட்பம் உண்டு. முதலில் அச்சம் நீங்கி, பிறகு அவர்கள் பாம்பைப் பிடிக்கவில்லை. பிடித்த பிறகுதான் அது தடி என்பது கண்கூடாகத் தெரிந்தது. நாமோ, “மனத்திற்குத் தைரியம் வரட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று நாட்களைக் கடத்துகிறோம். தைரியம் தானாக வருவதில்லை. அஞ்சிய பொருளை நெருங்கிச் செல்பவனுக்கே அது வழியில் கிடைக்கிறது.

இந்த உண்மைக்குச் சான்று தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம்முடைய சேலம், நாமக்கல் மண்ணிலேயே, நம் கண்முன்னே நடந்த ஒரு வரலாறு இருக்கிறது.

லாரித் தொழிலும் ஒரு நோயும்

நாமக்கல்லில் லாரிகளுக்குக் கூண்டு கட்டும் பட்டறைகள், சங்ககிரியின் லாரி உரிமையாளர்கள், திருச்செங்கோட்டின் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் ஆகியவற்றை அறியாதவர் யார்? இந்தத் தொழிலால் பல்லாயிரம் குடும்பங்களில் அடுப்பு எரிகிறது. வடநாடுவரை சரக்கு ஏற்றிச் சென்று, வாரக்கணக்கில், சில வேளைகளில் மாதக்கணக்கில் வீடு திரும்பாமல் உழைக்கும் ஓட்டுநர்களும் கிளீனர்களும் நம் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள்.

1990களில் இந்தப் பகுதியை எச்.ஐ.வி. என்னும் கிருமி கடுமையாகத் தாக்கியது. லாரித் தொழிலோடு சேர்த்து நாமக்கல்லின் பெயரை நாடெங்கும் பேசினார்கள். இதனால் உழைத்துப் பிழைக்கும் ஓட்டுநர்கள் அனைவருமே சந்தேகக் கண்ணோடு பார்க்கப்பட்டார்கள். அது அநியாயம். ஒரு தொழிலின் மீது நோயைச் சுமத்திவிட்டால், மற்றவர்கள் தங்களுக்கு அது வராது என்று நிம்மதியாக உறங்குகிறார்கள்; அந்த உறக்கத்தில்தான் நோய் பரவுகிறது.

அன்று இந்நோய்க்கு ஈடாக அஞ்சப்பட்ட நோய் வேறொன்றில்லை. அந்த அச்சத்தில் இரண்டு அச்சங்கள் பின்னிக் கிடந்தன. ஒன்று, மரணத்தைப் பற்றியது; மற்றொன்று, மனிதர்களின் பார்வையைப் பற்றியது. ஊர் என்ன சொல்லும், உறவு என்ன செய்யும், பிள்ளைகளுக்குப் பெண் கொடுப்பார்களா, எடுப்பார்களா என்ற இரண்டாவது அச்சமே பலரை மருத்துவமனை வாசலை மிதிக்க விடாமல் தடுத்தது.

தயங்கிய மாணவி

இந்தியாவில் இக்கிருமி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது நம் தமிழ்நாட்டில்தான். 1980களின் நடுவில், “இது மேலை நாட்டு நோய், நம் நாட்டுக்கு வராது” என்றே பெரும்பாலோர் நம்பியிருந்தார்கள். சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் டாக்டர் சுனிதி சாலமன், தம் மாணவி டாக்டர் செல்லப்பன் நிர்மலாவிடம் இதைப் பற்றி ஆராயும்படி கூறினார். நிர்மலா தயங்கினார். அவர் சிறு குழந்தைகளின் தாய். யாரிடமிருந்து இரத்தம் எடுக்க வேண்டுமோ, அந்தப் பெண்களோடு அதுவரை பேசிப் பழகியவர் அல்லர். அவருடைய கணவரே அவருக்கு ஊக்கமளித்தார்.

சமூகம் ஒதுக்கி வைத்திருந்த பெண்களை நேரில் சந்தித்து, கையுறைகூட இல்லாமல் 80 பேரின் இரத்த மாதிரிகளை அவர் சேகரித்தார். வசதியான ஆய்வுக்கூடம் இல்லாததால் அவற்றைத் தம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியிலேயே பாதுகாத்தார். 1986 பிப்ரவரியில் தம்பதியர் இருவரும் அவற்றைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, இரயிலில் காட்பாடி சென்று, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சேர்த்தார்கள். ஆறு மாதிரிகளில் கிருமியின் அடையாளம் தெரிந்தது. அந்தச் செய்தி நாட்டையே உலுக்கியது.

அந்த அம்மையார் தயக்கம் தீரட்டும் என்று காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கிருமி காத்திருக்காது, அது பரவிக்கொண்டே இருந்திருக்கும். தெரியாமல் இருப்பது பாதுகாப்பு அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

பேராசிரியர் சுனிதிக்கும் தடை இருந்தது. அது அவருடைய வீட்டிலேயே இருந்தது. இந்நோயாளிகளிடையே மனைவி பணியாற்றுவதை இருதய அறுவை மருத்துவரான அவருடைய கணவர் தொடக்கத்தில் விரும்பவில்லை. அவர்களின் கதைகளைக் கேட்டுப் பார்த்தால் நீங்கள் இப்படிச் சொல்லமாட்டீர்கள் என்ற கருத்தில் மனைவி மறுமொழி கூறினார். 1993இல் ஒய்.ஆர்.ஜி. கேர் என்னும் நிறுவனத்தைத் தொடங்கி, 2015இல் மறையும்வரை அவர் இப்பணியை விடவில்லை. படித்த மருத்துவர்களின் வீட்டிலேயே இத்தனை அச்சம் இருந்ததென்றால், பாமர மக்கள் அஞ்சியதில் வியப்பென்ன?

நாமக்கல்லின் கௌசல்யா

இப்போது நம் மண்ணின் மகள் ஒருவரைப் பார்ப்போம். பெ. கௌசல்யா நாமக்கல்லில் வளர்ந்தவர். அந்நாளில் நாமக்கல், சேலம் மாவட்டத்தோடு சேர்ந்திருந்தது. 1997இல்தான் தனி மாவட்டம் ஆயிற்று. 1995இல், ஏறத்தாழ இருபது வயதில், உறவுக்காரரான ஒரு லாரி ஓட்டுநருக்கு அவரை மணமுடித்து வைத்தார்கள். திருமணமான சில வாரங்களிலேயே, கணவருக்கு எச்.ஐ.வி. இருப்பதும், தமக்கும் அது தொற்றிவிட்டதும் அவருக்குத் தெரியவந்தது. திருமணத்திற்கு முன்பே கணவருக்குத் தம் நிலை தெரிந்திருந்தது. அவர் மறைத்துவிட்டார்.

ஏன் மறைத்தார்? அச்சம்தான்! சொல்ல அஞ்சிய ஒருவரின் மௌனம், ஒன்றும் அறியாத ஓர் இளம்பெண்ணின் உடலில் நோயாக இறங்கியது. அச்சத்தை மூடி வைத்தால் அது மூடியவரோடு நின்றுவிடுவதில்லை என்பதை இங்கே நாம் உணர வேண்டும்.

அந்த இளம்பெண்ணின் நிலையை எண்ணிப் பாருங்கள். இக்கிருமியை அடக்கும் கூட்டு மருந்து சிகிச்சை உலகில் பரவத் தொடங்கியதே 1996க்குப் பிறகுதான். அதன் விலையும் ஏழைகள் எட்ட முடியாததாக இருந்தது. தாம் எந்தத் தவறும் செய்யவில்லை. ஆனால் ஊர் அதை நம்பாது. ஒளிந்துகொள்வதற்கு அவருக்கு எல்லாக் காரணங்களும் இருந்தன.

அவர் ஒளிந்துகொள்ளவில்லை. கணவரின் வீட்டை விட்டு வெளியேறினார். தமக்கு எச்.ஐ.வி. இருக்கிறது என்று தம் பெயரையும் முகத்தையும் மறைக்காமல் சொன்னார். இந்தியாவில் அவ்வாறு வெளிப்படையாகச் சொன்ன முதல் பெண்களுள் அவர் ஒருவர். எதை அவர் மிகவும் அஞ்சியிருக்க வேண்டுமோ, அதையே, அதாவது ஊர் அறிந்துவிடும் என்பதையே, அவர் தம் கையாலேயே எடுத்துப் பிடித்தார்.

அதன் பிறகு நடந்தது என்ன? அவரைப் போலவே மூலையில் ஒடுங்கியிருந்த பெண்கள் ஒவ்வொருவராக அவரைத் தேடி வந்தார்கள். 1998இல் சில பெண்கள் கூடிச் சென்னையில், எச்.ஐ.வி.யோடு வாழும் பெண்களுக்கென ‘பாசிட்டிவ் விமன் நெட்வொர்க்’ என்ற அமைப்பை உருவாக்கினார்கள். சிகிச்சைக்காகவும், பெண்களின் சொத்துரிமைக்காகவும், குழந்தைகளின் கல்விக்காகவும் அந்த அமைப்பு குரல் கொடுத்தது. பின்னாளில் கௌசல்யாவுக்கு இந்திய அரசின் நாரி சக்தி விருதும் கிடைத்தது.

விருதைவிடப் பெரிய செய்தி ஒன்று இதில் உண்டு. “ஊர் அறிந்தால் என்ன ஆகும்?” என்ற கேள்வி மூடிய அறைக்குள் இருக்கும்வரை அதற்கு எல்லையே கிடையாது. ஊர் அறிந்துவிட்ட மறுநாள் அதற்கு ஓர் எல்லை வந்துவிடுகிறது. சிலர் விலகுவார்கள், சிலர் ஏசுவார்கள், சிலர் அருகில் வந்து அமர்வார்கள். அருகில் வந்து அமர்பவர்கள் யார் என்பது, ஒளிந்திருப்பவருக்கு ஒருநாளும் தெரியாது.

அச்சம் எப்படி வளர்கிறது?

ஒரு பொருளுக்கு அஞ்சி நாம் விலகும்போது உடனே நெஞ்சு லேசாகிறது. அந்த நிம்மதிதான் தூண்டில்! “விலகினேன், தப்பினேன்” என்று மனம் பாடம் படித்துக்கொள்கிறது. அடுத்த முறை இன்னும் தொலைவிலிருந்தே விலகுகிறோம். முதலில் பரிசோதனைக்குப் போகமாட்டோம். பிறகு அந்த மருத்துவமனை இருக்கும் தெருவுக்கே போகமாட்டோம். கடைசியில் காய்ச்சல் வந்தாலும் எவரிடமும் சொல்லமாட்டோம். அச்சம் வளர்ந்துகொண்டே போகிறது. நாம் நடமாடும் இடமோ சுருங்கிக்கொண்டே வருகிறது. மனநல மருத்துவர்கள் இதற்குத் தரும் சிகிச்சையும், அஞ்சுகின்ற பொருளைச் சிறிது சிறிதாக நெருங்கச் செய்வதுதான்.

அச்சம் வேறு, எச்சரிக்கை வேறு

“அப்படியானால் எதற்கும் அஞ்சாமல் ஆபத்தில் குதிக்க வேண்டுமா?” என்று சிலர் கேட்கலாம். இல்லை. ஹிஜ்ரி 18ஆம் ஆண்டு கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டை நோக்கிச் சென்றபோது, ஸர்ஃக் என்னும் இடத்தில், அங்கே கொள்ளைநோய் பரவியிருக்கும் செய்தி கிடைத்தது. தோழர்களைக் கூட்டி ஆலோசித்தார்கள். திரும்பிவிட முடிவு செய்தார்கள். இறைவனின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் வினவ, ஒரு விதியிலிருந்து இறைவனின் இன்னொரு விதிக்கே செல்கிறோம் என்ற பொருளில் உமர் (ரலி) அவர்கள் விடையளித்தார்கள்.

அவர்கள் செய்ததைக் கவனியுங்கள். செய்தியைக் கேட்டறிந்தார்கள், அறிந்தவர்களோடு கலந்தார்கள், பிறகு முடிவெடுத்தார்கள். இது எச்சரிக்கை. கேட்டறியாமலும் விசாரிக்காமலும் கதவைச் சாத்திக்கொள்வது வெறும் அச்சம். ஆபத்தின் அளவு தெரிந்து நடப்பது எச்சரிக்கை. அளவே தெரியாமல் நடுங்குவது அச்சம்.

அளந்து பாருங்கள்

எனவே எச்.ஐ.வி. பற்றிய அச்சங்களை ஒவ்வொன்றாக எடுத்து அளந்து பார்ப்போம்.

தொட்டால் தொற்றுமா? தொற்றாது. ஒரே தட்டில் உண்பதாலோ, ஒரே குவளையில் குடிப்பதாலோ, முஸாஃபஹா செய்வதாலோ, கட்டித் தழுவுவதாலோ, கொசுக்கடியாலோ இது பரவாது. உடலுறவு, இரத்தம், ஒருவர் பயன்படுத்திய ஊசி, தாயிடமிருந்து குழந்தைக்கு என்பவையே இதன் வழிகள்.

வந்தால் மரணம்தானா? அன்று அப்படித்தான் இருந்தது. 2001இல் இந்தியாவின் சிப்லா நிறுவனம் மூன்று மருந்துகள் கொண்ட சிகிச்சையை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தது. அதற்கு முன் மேலை நாடுகளில் அதன் விலை 10,000 டாலரையும் தாண்டியிருந்தது. 2004 ஏப்ரல் முதல் நாளிலிருந்து இந்திய அரசு இம்மருந்தை இலவசமாக வழங்கத் தொடங்கியது. 2017 முதல், நோய் முற்றும்வரை காத்திராமல், தொற்று உறுதியானவுடனேயே சிகிச்சை தொடங்கப்படுகிறது. விடாமல் மருந்து உட்கொள்பவர் மற்றவர்களைப் போலவே நெடுங்காலம் வாழலாம். இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால், உடலுறவு மூலம் அவரிடமிருந்து பிறருக்குத் தொற்றுவதில்லை.

பிறக்கும் குழந்தை? சிகிச்சை இல்லாவிட்டால் 100 குழந்தைகளில் 15 முதல் 45 குழந்தைகளுக்குத் தொற்றக்கூடும். தக்க சிகிச்சை எடுத்தால் அது 5க்கும் கீழே குறைகிறது.

ஊசி குத்திவிட்டால்? தொற்றுள்ளவரின் இரத்தம் பட்ட ஊசி மருத்துவப் பணியாளரைக் குத்தினால், தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ 1,000க்கு 3. அதையும் தடுக்க, 72 மணி நேரத்திற்குள் தொடங்கி 28 நாட்கள் உட்கொள்ளும் மருந்து இருக்கிறது.

ஊர் அறிந்துவிடுமா? எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்களைப் பாதுகாக்க 2017இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டு, 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஒருவரின் ஒப்புதல் இன்றி அவரைப் பரிசோதிப்பதும், அவருடைய நிலையை வெளியிடுவதும், வேலையிலோ கல்வியிலோ சிகிச்சையிலோ அவரை ஒதுக்குவதும் சட்டப்படி தடை செய்யப்பட்டுள்ளன. அரசு மருத்துவமனைகளில் உள்ள ‘நம்பிக்கை மைய’ங்களில் பரிசோதனையும் ஆலோசனையும் இலவசம்; முடிவு இரகசியமாக வைக்கப்படும். 1097 என்ற எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம்.

பார்த்தீர்களா! மலை போல் நின்ற அச்சத்தை அளந்து பார்த்தால், செய்ய வேண்டிய சில காரியங்களாக அது சுருங்கிவிட்டது. மீதமிருப்பது இறைவனின் பொறுப்பு. ஒட்டகத்தைக் கட்டிய பிறகு வைக்கும் நம்பிக்கையே தவக்குல் என்று நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது.

மஹல்லாவின் அச்சம்

நோயாளியின் அச்சத்தைப் பேசிய நாம், நம் அச்சத்தையும் பேச வேண்டும். ஒருவர் இந்நோயால் இறந்தார் என்று காதில் விழுந்தவுடன், மய்யித்தைக் குளிப்பாட்டக் கைகள் தயங்குகின்றன. குளிப்பாட்டுவதும், கபனிடுவதும், தொழுவிப்பதும், அடக்கம் செய்வதும் நம் அனைவர் மீதும் உள்ள கூட்டுக் கடமை. ஒருவரும் முன்வராவிட்டால் அனைவரும் குற்றவாளிகள். கையுறை அணியுங்கள், ஆடை நனையாமல் மேலுறை அணியுங்கள், மய்யித்தின் உடலில் காயமிருந்தால் அதை மூடுங்கள், பிறகு கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். இவ்வளவுதான்! இந்த எச்சரிக்கையோடு முதலில் ஒருவர் கை வைத்தால், அடுத்த நான்கு பேர் தாமாக வருவார்கள். அந்த முதல் ஆளாக இருக்க நம்மில் யார் தயார்?

நிகாஹ் பேசும் வீடுகளும் ஒன்றை யோசிக்கட்டும். நகை எத்தனை பவுன் என்று கேட்கக் கூசாத நாவு, உடல்நலத்தைப் பற்றி விசாரிக்க ஏன் கூசுகிறது? மணமக்கள் இருவரும் தாமாக விரும்பிப் பரிசோதனை செய்துகொள்வது, ஒருவர் மீது மற்றவர் கொண்ட சந்தேகம் ஆகாது. அது இருவருக்கும் உள்ள பாதுகாப்பு. ஆனால் இதில் வற்புறுத்தல் கூடாது. ஒருவருடைய முடிவை ஊர்ப் பேச்சாக்குவது அதைவிடப் பெரிய பாவம். சொன்னவனை ஊர் மானபங்கம் செய்தால், அடுத்தவன் சொல்லமாட்டான். அப்படியானால் அடுத்த கௌசல்யாவை உருவாக்கியவர்கள் நாமே என்றாகும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

இதைப் படிக்கும் உங்களுடைய அச்சம் வேறாக இருக்கலாம். கடனாக இருக்கலாம்; மார்பில் தட்டுப்படும் ஒரு கட்டியாக இருக்கலாம்; திறக்காமல் வைத்திருக்கும் ஒரு வக்கீல் நோட்டீசாக இருக்கலாம். வழி ஒன்றுதான்.

முதலாவதாக, அதற்குப் பெயர் சூட்டுங்கள். “ஏதோ மனம் சரியில்லை” என்று சொல்லாமல், “இன்னது நடந்துவிடுமோ என்று அஞ்சுகிறேன்” என்று ஒரு தாளில் எழுதுங்கள்.

இரண்டாவதாக, அறிந்தவரிடம் கேளுங்கள். நோயை மருத்துவரிடமும், வழக்கை வழக்கறிஞரிடமும் கேட்க வேண்டும். டீக்கடையில் கேட்கக் கூடாது.

மூன்றாவதாக, நம்பிக்கைக்குரிய ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். நிர்மலாவுக்குக் கணவர் துணை இருந்தார். கௌசல்யாவுக்குச் சக பெண்கள் துணை இருந்தார்கள். தனியே நின்று வென்றவர்கள் மிகக் குறைவு.

நான்காவதாக, இன்றே ஓர் அடி எடுத்து வையுங்கள். முழு வழியையும் நடக்க வேண்டியதில்லை. அந்த வாசல்வரை சென்றால் போதும். நாளை உள்ளே செல்லலாம்.

ஐந்தாவதாக, அச்சம் மீண்டும் வந்தால் மனம் தளராதீர்கள். பாம்பைக் கையில் பிடித்த மூஸா (அலை) அவர்களே, பின்னர் சூனியக்காரர்கள் தம் கயிறுகளை வீசியபோது உள்ளுக்குள் அச்சம் கொண்டார்கள். ஒருமுறை வென்ற அச்சம் வேறு உருவில் வரத்தான் செய்யும். ஆனால் முன்பு ஒருமுறை பிடித்த கைக்கு, இப்போது பிடிக்கும் வழி தெரியும். வலிமை என்று நாம் சொல்வது அந்தப் பழக்கத்தைத்தான்.

நம் மண்ணில் ஓர் இளம்பெண், மருந்தும் சட்டமும் இல்லாத காலத்தில், இதைச் செய்து காட்டியிருக்கிறார். மருந்தும் இருந்து, சட்டமும் இருந்து, நாம் இன்னும் கதவைச் சாத்திக்கொண்டிருக்கலாமா?

வல்ல அல்லாஹ், நோயுற்றோருக்கு நலத்தையும், அஞ்சுவோருக்கு உறுதியையும், அவர்கள் அருகில் சென்று அமரும் மனத்தை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.